அப்பாவோட ஈக்கோல 56 இருந்தது 49 ஆயிடுச்சு, பாதி இதயம் போச்சா?

தங்கச்சி, நீங்க கேட்டத நான் புரிஞ்சிகிட்ட மாதிரி ஒருதடவ திருப்பிச் சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அப்பாவுக்கு 61 வயசு, செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டினவரு, சக்கரையும் பிரஷரும் பத்து வருஷமா இருக்கு. போன வருஷம் பிரைவேட்ல ஈக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், எடுத்தப்ப ஈஎஃப், அதாவது இதயம் ஒரு துடிப்புல ரத்தத்த வெளிய தள்ற பெர்சண்ட், 56ன்னு எழுதியிருந்தாங்க, இப்ப கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எடுத்ததுல 49. "ரெண்டுல எந்த மெஷின் சரி"ன்னு கேட்டிருக்கீங்க. அதுக்குக் கீழயே, "பாதி இதயம் செத்துப்போச்சாம்"னு சொல்லி அம்மா மூனு நாளா அழுவுறாங்கன்னும் எழுதியிருக்கீங்க. எனக்கென்னவோ நீங்க கேக்க நெனச்சது மெஷினப் பத்தி இல்ல, இந்த ஒரு வருஷத்துல அப்பாவோட இதயம் கெட்டிருக்கா இல்லயான்னுதான். மெஷின் கேள்விக்கு என்னால நல்லாவே பதில் சொல்ல முடியும். ரெண்டாவதுக்குப் பாதிதான் முடியும், மீதிய எங்க போய் கேக்கணும்னு சொல்றேன்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. மெடிக்கல் அசிஸ்டண்டா இருந்து ரிட்டயர் ஆனவன், நம்ம தோட்டத்துப் பெரியவங்க இன்னும் டிரஸ்ஸர்னுதான் கூப்பிடுவாங்க. கடைசி 16 வருஷம் ஈக்கோ ரூம்லயே போச்சு, இருட்டு ரூம், ஏர்கோன் குளிரு, ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு பேரு. இப்ப இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல வீட்டோட இருக்கேன். பக்கத்துல யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் கோப்பி கடைக்கு எடுத்துகிட்டு வந்துடுவாங்க, "அண்ணே இதக் கொஞ்சம் படிச்சி சொல்லுங்க"ன்னு. அதனால இந்த 56, 49 கதை எனக்குப் புதுசு இல்ல. ஆனா உங்க அப்பாவோட படத்த நான் பாக்கல. படம் பாக்காம "ஒன்னும் இல்ல, தைரியமா இருங்க"ன்னு எழுதறவன நம்பாதீங்க, என்னயும் சேத்துதான் சொல்றேன்.

அம்மாவோட பயத்துல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அது சுத்தமா தப்பு, இதுல எனக்கு சந்தேகமே கெடயாது. ஈஎஃப் 49ன்னா இதயத்துல 49 பங்கு உயிரோட இருக்கு, 51 பங்கு செத்துப்போச்சுன்னு அர்த்தமே இல்ல. இடது பக்கத்து கீழ் அறை ரத்தத்த வாங்கி நெறஞ்சி நிக்கும், அப்புறம் சுருங்கி வெளிய தள்ளும். நெறஞ்சப்ப இருந்ததுல எவ்வளவு வெளிய போச்சுங்கற கணக்குதான் அது. நெறஞ்சப்ப 110 மில்லின்னு வைங்க, சுருங்கின பெறகு உள்ள 48 மில்லி தங்குது, அப்ப 62 மில்லி வெளிய போயிருக்கு, 62ஐ 110ஆல வகுத்தா 56 பெர்சண்ட். எந்த இதயமும் மொத்தத்தையும் தொடச்சி தள்ளாது. ஒலிம்பிக் ஓடுறவனுக்கும் 100 வராது. உலகம் பூரா பாவிக்கற அளவுல ஆம்பளைக்கு 52ல இருந்து 72 வரைக்கும் நார்மல், பொம்பளைக்கு 54ல இருந்து 74. அதனால 49ங்கறது ஆம்பளைக்கு நார்மல் கோட்டுக்கு மூனே புள்ளி கீழ. ஸ்கூல் மார்க்கு மாதிரி நூத்துக்கு எவ்வளவுன்னு பாத்தா எல்லா அம்மாவும் அழத்தான் செய்வாங்க. ரிப்போர்ட்ட கையில குடுக்கறவங்க இத ஒரு வரி சொல்லி அனுப்பினா எவ்வளவோ நல்லா இருக்கும், கூட்டத்துல நேரம் இல்லன்றது எனக்கும் தெரியும், நானும் பல நாள் சொல்லாம அனுப்பினவன்தான்.

இப்ப அந்த நம்பர் எப்படி பொறக்குதுன்னு பாருங்க, அப்பதான் 56க்கும் 49க்கும் நடுவுல என்ன இருக்குன்னு புரியும். ஆள இடது பக்கமா ஒருக்களிச்சி படுக்க வச்சி, இடது கைய தலைக்கு மேல தூக்கச் சொல்வோம், இதயம் நெஞ்சுக்கூட்டுப் பக்கம் கொஞ்சம் சாஞ்சி வரும். ஜெல்லு தடவி, விலா எலும்பு ரெண்டுக்கு நடுவுல இருக்கற சந்துல புரோபுங்கற கைக்கருவிய வைப்போம். அது சத்தம் அனுப்புது, காதுக்குக் கேக்காத சத்தம், திரும்பி வர்ற எதிரொலிய வச்சி மெஷின் படம் போடுது. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு எதுவும் இல்ல, அதனால எத்தன தடவ எடுத்தாலும் ஒடம்புக்குக் கெடுதல் இல்ல. ஆனா எலும்பும் காத்தும் இந்தச் சத்தத்துக்கு ஆகாது. குண்டா இருக்கறவங்க, வருஷக்கணக்கா சிகரெட் புடிச்சி நொரயீரல் ஊதிப்போனவங்க, இவங்களுக்கெல்லாம் படம் மழைக்காலத்துல லோரி கண்ணாடில பாக்கற ரோடு மாதிரிதான் இருக்கும், வைப்பர் வேல செய்யாத லோரி. "மூச்ச வெளிய விட்டு அப்படியே புடிங்க"ன்னு சொல்லி, அந்த நாலஞ்சி செகண்டுல தெரியறத புடிக்கணும்.

படம் கெடச்ச பெறகு ரெண்டு எடத்துல நிறுத்துவோம், அறை நல்லா விரிஞ்சி நிக்கறப்ப ஒன்னு, நல்லா சுருங்கி நிக்கறப்ப ஒன்னு. ரெண்டுலயும் உள் சுவர் ஓரமா கையால கோடு இழுக்கணும். மெஷின் அந்த உருவத்த மூங்கில்ல வேகவச்ச லெமாங் சோத்த வெட்டற மாதிரி 20 வில்லையா வெட்டி, ஒவ்வொரு வில்லையோட கொள்ளளவையும் கூட்டி மில்லில சொல்லும். இத ரெண்டு கோணத்துல செய்யணும், நாலு அறையும் தெரியற கோணம், ரெண்டு அறை தெரியற கோணம். சிம்சன் முறைன்னு பேரு, ரிப்போர்ட்ல சிம்சன், பைபிளேன்னு போட்டிருந்தா இதுதான். இப்ப மேல சொன்ன கணக்குக்கே வாங்க. சுருங்கினப்ப 48 மில்லின்னு வந்தது, கோடு இழுக்கறவரு உள் சுவர ஒன்னர மில்லிமீட்டர் வெளிய தள்ளிப் போட்டுட்டாருன்னு வைங்க, 48 வந்த எடத்துல 56 மில்லி வரும். எட்டு மில்லின்னா ஒன்னர தேக்கரண்டி. 110ல 56 போனா மீதி 54, ஈஎஃப் 49. பாத்தீங்களா, உங்க அப்பாவோட ரெண்டு நம்பருக்கும் நடுவுல ஒன்னர தேக்கரண்டி ரத்தமும், பென்சில் முனை அகலத்துல ஒரு கோடும்தான் இருக்கு. அவருக்கு அப்படித்தான் நடந்துச்சுன்னு நான் சொல்லல, அப்படியும் நடந்திருக்கலாம்னு சொல்றேன். ஒரே ஆள, ஒரே நாள், ரெண்டு கைதேர்ந்தவங்க எடுத்தாலே அஞ்சுல இருந்து பத்து புள்ளி வரைக்கும் வித்தியாசம் வரலாம்ங்கறது இந்தத் தொழில்ல எல்லாரும் ஒத்துக்கற விஷயம். அதுக்குள்ள அடங்கற ஏழு புள்ளிய வச்சி மட்டும் "கெட்டுப்போச்சு"ன்னு யாராலயும் அடிச்சி சொல்ல முடியாது. "கெடல"ன்னும் சொல்ல முடியாது, இதுதான் இதுல எரிச்சலான பகுதி.

பல எடத்துல கோடே இழுக்க மாட்டாங்க, அதையும் தெரிஞ்சிக்குங்க. அனுபவம் உள்ளவங்க படம் ஓடறதப் பாத்தே "55 இருக்கும்"னு எழுதிடுவாங்க. அத நான் கொற சொல்ல மாட்டேன், படம் மோசமா இருக்கறப்ப தப்பான எடத்துல கோடு இழுக்கறத விட நல்ல கண்ணு மேல். ஆனா கண்ணால போட்ட 56ஐயும் அளந்து போட்ட 49ஐயும் பக்கத்துல வச்சி ஒப்பிட்டா அதுக்கு அர்த்தம் இல்ல. கண்ணால போடறவங்க பெரும்பாலும் 5, 10ன்னு முடியற நம்பராத்தான் போடுவாங்க, 56ன்னு இருக்கறதால உங்களோடது அளந்ததா இருக்கலாம். இன்னொரு பழைய முறை இருக்கு, ஒரே கோட்டுல அகலத்த மட்டும் அளந்து கணக்கு போடறது, அறையோட உருவம் மாறிப்போனவங்களுக்கு அது ஏமாத்தும், ஆனா இன்னும் பழக்கத்துல போடறவங்க இருக்காங்க.

நான் செஞ்ச தப்பு ஒன்ன சொல்றேன். ஈக்கோ ரூமுக்குப் போன மொத வருஷம், அறுவது வயசு பக்கம் ஒருத்தரு, முன்ன பால்மரக் காட்டுல ஆளுங்கள மேய்க்கற மண்டோரா இருந்தவரு. படம் அழகா வந்துச்சு, இதயம் குட்டையா உருண்டையா நல்லா துடிக்குது, 60ன்னு போட்டேன். ஸ்பெஷலிஸ்டுக்கு அந்த உருண்டை புடிக்கல. இன்னொரு விலா எலும்பு கீழ எறங்கி, கொஞ்சம் வெளிப்பக்கமா புரோபைய வச்சாரு. அப்பதான் இதயத்தோட நுனி தெரிஞ்சிச்சு, அது அசையவே இல்ல, ஓரத்துல ரத்தக்கட்டி வேற ஒட்டிகிட்டு இருந்துச்சு. நான் படத்துல நுனி தெரியாம விட்டுட்டு நல்லா துடிக்கற மேல் பாதிய மட்டும் அளந்திருக்கேன். மறுபடி அளந்தப்ப 40 கூட வரல. தோட்டத்துல பழைய நெஞ்சுவலி ஒன்ன காத்துப்புடிப்புன்னு தைலம் தேச்சி விட்டிருக்காங்க, அது ஹார்ட் அட்டாக். அன்னிக்கி அவருக்கு ரத்தம் உறையாம இருக்க மருந்து ஆரம்பிச்சாங்க, என் 60ஐ நம்பியிருந்தா அந்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். அதுல இருந்து படம் ரொம்ப அழகா உருண்டையா வந்தா எனக்கு மொதல்ல சந்தேகம்தான் வரும். இத ஏன் சொல்றேன்னா, உங்க கேஸ்ல 49தான் தப்பு, 56தான் உண்மைன்னு நீங்க மனச தேத்திக்கப் பாக்கறீங்க. போன வருஷத்து 56 கூட தப்பா இருந்திருக்கலாம் இல்லயா.

இன்னும் ஒன்னு, இதயம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வேல செய்யாது. அன்னிக்கி காலைல பிரஷர் மாத்திரை போடாம வந்து, நாலு மணி நேரம் வெய்ட் பண்ணி, 170க்கு மேல பிரஷரோட படுத்திருந்தா, அந்த அழுத்தத்த எதுத்துத்தான் இதயம் தள்ளணும், நம்பர் கொறஞ்சிதான் வரும். காய்ச்சல், ரத்த சோகைல நேர்மாறா கூடித் தெரியும். துடிப்பு தாறுமாறா ஓடற ஆளுங்களுக்கு ஒரு துடிப்ப அளந்து போடவே கூடாது, அஞ்சு துடிப்பாவது அளந்து சராசரி எடுக்கணும். உங்க ரெண்டு ரிப்போர்ட்லயும் மேல் ஓரத்துல பிரஷரும் துடிப்பும் எழுதியிருக்கான்னு பாருங்க. எழுதச் சொல்லித்தான் இருக்கு, பல பேரு விட்டுடறாங்க.

சரி, நம்பர் நல்லா இருந்தா இதயம் நல்லா இருக்குன்னு அர்த்தமான்னா, அதுவும் இல்ல. என் சொந்த சின்னம்மாவயே எடுத்துக்குங்க, முப்பது வருஷம் பால் வெட்டினவங்க, இருவது வருஷமா பிரஷர். கோயில் படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூக்கம். ஈக்கோல 62. "நார்மல்"னு சொல்லி நெஞ்சு எரிச்சல் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. பெறகு நானே பாத்தேன். சுவரு தடிச்சி, அறை சின்னதா போயிருந்துச்சு. சின்ன அறைல இருந்து கொஞ்சமா தள்ளினாலும் பெர்சண்ட் பெருசாத்தான் தெரியும். அவங்களுக்குப் பிரச்சனை சுருங்கறதுல இல்ல, தளர்றதுல, இதயம் இறுகிப்போய் ரத்தம் உள்ள வர எடம் குடுக்கல. அத ஈஎஃப் சொல்லவே சொல்லாது. வால்வு பக்கத்துல தசை எவ்வளவு வேகமா தளருதுன்னு வேகத்த அளக்கற டாப்ளர்ங்கற முறைய வச்சி அளக்கணும், நடுச்சுவர் பக்கம் செகண்டுக்கு 7 செண்டிமீட்டருக்குக் கீழ போனா தளர்றது மந்தம். ரத்தம் உள்ள பாயற வேகத்த இந்த தசை வேகத்தால வகுத்து, சராசரி 14க்கு மேல வந்தா உள்ள அழுத்தம் ஏறியிருக்குன்னு சந்தேகம். மேல இருக்கற இடது அறை வீங்கியிருக்கான்னும் பாக்கணும். சின்னம்மாவுக்கு மூனும் இருந்துச்சு, நீர் எறங்கற மாத்திரை ஆரம்பிச்சி ஒரே வாரத்துல ஒரு தலகாணி போயிடுச்சு. வால்வு ஒழுகறவங்களுக்கும் இதே ஏமாத்து வேலதான், பாதி ரத்தம் பின்னாடி போனாலும் அறை "தள்ளிட்டேன்"னுதான் கணக்கு காட்டும். உங்க அப்பாவுக்கும் சக்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கறதால, 49ஐ விட இந்தப் பகுதில என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் பாக்கணும்னு இருக்கு.

சுவர் அசைவ எழுதற பகுதியையும் பாருங்க. இடது அறைய 16, 17 துண்டா பிரிச்சி எந்தத் துண்டு நல்லா அசையுது, எது மந்தம், எது அசையவே இல்லன்னு எழுதுவாங்க. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி அசைஞ்சி 49 வந்தா அது ஒரு கதை, ஒரு ரத்தக்குழாய் பாயற பக்கம் மட்டும் செத்தமாதிரி நின்னு மீதி நல்லா துடிச்சி 49 வந்தா அது வேற கதை. ரெண்டாவது கதையா இருந்தா அடைப்பத் தேடணும், சக்கரைக்காரங்களுக்கு வலியே தெரியாம அட்டாக் வந்து போறது உண்டு. இந்த ஒரு வரி 49ங்கற நம்பரை விட பத்து மடங்கு முக்கியம், ஆனா யாரும் கோப்பி கடைக்கு இந்த வரிய காட்ட வர்றதில்ல, எல்லாரும் பெர்சண்டத்தான் காட்டுவாங்க.

புதுசா ஸ்ட்ரெயின்னு ஒன்னு வந்திருக்கே, அத எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. அது நல்ல விஷயம்தான். படத்துல தசை பூரா புள்ளி புள்ளியா தெரியும், மெஷின் அந்தப் புள்ளிங்கள துடிப்பு பூரா தொடர்ந்து போய், தசை நீளவாக்குல எவ்வளவு சுருங்குதுன்னு கணக்கு போடும். நல்ல இதயத்துல 20 பெர்சண்ட் பக்கம் சுருங்கும், சுருங்கறதால மைனஸ் போட்டு எழுதுவாங்க, பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர மோசம். இதயத்தோட உள் பக்கத்துல ஓடற நீளவாக்கு நாருங்கதான் பிரஷர், சக்கரை, அடைப்பு எதுலயும் மொதல்ல அடி வாங்கும், நடுவுல சுத்திப் போற நாருங்க ரொம்ப நாள் தாக்குப்புடிச்சி ஈஎஃப்ப தூக்கிப் புடிக்கும், அதனால ஈஎஃப் விழறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரெயின் விழும். புற்றுநோய்க்கு சில மருந்து போடறவங்களுக்கு மருந்துக்கு முன்னாடி ஒன்னு, நடுவுல ஒன்னு எடுத்து, பழைய அளவுல இருந்து 15 பெர்சண்டுக்கு மேல கொறஞ்சா டாக்டருங்க உஷாராவாங்க, அங்க அதுக்கு நல்ல பிரயோஜனம் இருக்கு. ஆனா ஒரு கம்பெனி மெஷின்ல எடுத்தத இன்னொரு கம்பெனி மெஷின்ல எடுத்ததோட ஒப்பிடறது கஷ்டம், படம் மங்கலா இருந்தா நம்பரும் கத வுடும். உங்க அப்பாவுக்குப் போன வருஷம் ஸ்ட்ரெயின் எடுக்கல, அதனால இப்ப எடுத்தா ஒப்பிட ஒன்னும் இல்ல, இனிமே வர்ற வருஷங்களுக்கு ஒரு தொடக்கமா இருக்கும், அவ்வளவுதான். அதுக்காக தனியா காசு கட்டி பிரைவேட்டுக்கு ஓடணும்னு நான் சொல்ல மாட்டேன்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லாத ஒன்னு, சொல்லாம விட மனசு வரல. இந்த வேலைய மொதல்ல செஞ்சது 1953ல சுவீடன் நாட்டு லுண்ட் ஊர்ல, எட்லர்னு இதய டாக்டர், ஹெர்ட்ஸ்னு இயற்பியல்காரரு. இரும்புல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கான்னு பாக்கற மெஷினத்தான் கொண்டு வந்து நெஞ்சுல வச்சி பாத்தாங்க. லோரி ஓட்டினவருகிட்ட இதச் சொல்லுங்க, சேசி வெடிப்பு பாக்கற சாமான்தான் ஒங்க நெஞ்சுல வச்சாங்கன்னா சிரிச்சிக்குவாரு.

இப்ப என்ன செய்யறது. மறுபடி மூனாவது எடத்துல போய் மூனாவது நம்பர் வாங்காதீங்க, கொழப்பம்தான் கூடும். பிரைவேட்ல போன வருஷத்து படத்த சிடில கேளுங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, கேட்டா குடுப்பாங்க, சில எடத்துல கொஞ்சம் காசு வாங்குவாங்க. அத அடுத்த அப்பாய்ண்ட்மெண்டுக்கு எடுத்துகிட்டுப் போய், "டாக்டர், ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சி ஒருத்தரே பாத்துச் சொல்ல முடியுமா"ன்னு கேளுங்க. ஒரே கண்ணு ரெண்டு படத்தையும் பாக்கறதுதான் உங்க கேள்விக்கு உண்மையான பதில். உண்மையிலயே கொறஞ்சிருக்குன்னு சொன்னா ஏன்னு தேடுவாங்க, ஈசிஜி, ரத்தத்துல இதய அழுத்தத்தக் காட்டற டெஸ்ட், தேவைப்பட்டா ஆஞ்சியோகிராம், படம் தெளிவே இல்லாதவங்களுக்கு எம்ஆர்ஐ. 41ல இருந்து 49 வரைக்கும் "லேசா கொறஞ்ச" வகைன்னு டாக்டருங்க ஒரு பேரு வச்சிருக்காங்க, ஆனா மூச்சு வாங்கறது, கால் வீக்கம் மாதிரி எதாவது இருந்தாத்தான் அத இதயம் பலவீனம்னு சொல்வாங்க, வெறும் நம்பருக்கு அந்தப் பேர ஒட்ட மாட்டாங்க. அப்பாவுக்கு அப்படி எதாவது இருக்கான்னு நீங்க எழுதல. குடிப்பழக்கம் இருக்கான்னும் எழுதல, தப்பா நெனக்காதீங்க, சம்சு சாராயம் குடிச்சி இதயம் பெருத்துப்போனவங்கள நான் நெறய பாத்திருக்கேன், இதுல ஒரு நல்ல சேதி என்னன்னா விட்டுட்டா பல பேருக்கு நம்பர் திரும்பி ஏறுது. டாக்டர் கேட்டா ஒளிக்காம சொல்லச் சொல்லுங்க. நடுவுல மாத்திரை எதையும் அவரா நிறுத்தக் கூடாது. நெஞ்ச அமுக்கற மாதிரி வலி, குளிர்ந்த வேர்வ, படுத்தா மூச்சு முட்டறது, இதுல எது வந்தாலும் அப்பாய்ண்ட்மெண்டுக்குக் காத்திருக்காம 999 கூப்பிடுங்க, கார்ல அவரே ஓட்டிகிட்டுப் போக வுடாதீங்க, லோரிக்காரங்க கேக்க மாட்டாங்க.

அம்மாகிட்ட அந்த ஒன்னர தேக்கரண்டி கணக்க சொல்லுங்க, தண்ணி ஊத்தி காட்டினாக் கூட தப்பில்ல. ஈக்கோ மறுபடி எடுக்கச் சொன்னா பட்டினியா போக வேணாம், சாதாரண ஈக்கோவுக்கு அது தேவ இல்ல, பசியாறிட்டு, பிரஷர் மாத்திரையும் போட்டுட்டு, முன்பக்கம் பட்டன் வச்ச சட்டையா போட்டுட்டுப் போகச் சொல்லுங்க.